வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குச் செல்லும் சாலை, தாம்பரத்தை எட்டுவதற்கு முன் வண்டலூரைக் கடக்கிறது. பம்பாயில் பியட்டும் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடரும் உருவான காலத்தில், தமிழகத்துக்கென்று இருந்த கார் அங்கேதான் பிறந்தது. 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், பிரிட்டனின் ஸ்டாண்டர்டு கம்பெனியிடமிருந்து கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி, முதலில் வேன்கார்டு கார்களை விற்றது.

இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்த ஹெரால்டு, 948 சிசி இன்ஜினுடன் 1961-இல் இங்கு வந்தது. அதன் பானெட், முன்பக்க மட்கார்டுகளோடு ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்குமாதலால், மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜினைப் பழுது பார்க்க முடிந்தது. நசுங்கிய பாகத்தை மட்டும் கழற்றி மாற்றவும் முடிந்தது. பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புதான் அதன் பலவீனம். வேகமாகத் திரும்பும்போது சக்கரம் உள்மடியக்கூடும். 1968-இல் வந்த நான்கு கதவு மார்க் 3, பிரிட்டனிலேயே இல்லாத வடிவம் என்பது சென்னைப் பொறியாளர்களுக்குப் பெருமை சேர்ப்பது. 1972-இல் வந்த கஸெல், பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் வழக்கமான ஒற்றை அச்சுக்குத் திரும்பியது.

1852-இல் வண்டிப் பட்டறையாகத் தொடங்கி, 1966-இல் கார் உற்பத்தியைக் கைவிட்ட அமெரிக்காவின் ஸ்டுடிபேக்கர், பெரிய நிறுவனங்களோடு திறந்த சந்தையில் மோதித் தோற்றது. ஸ்டாண்டர்டுக்கு அந்தப் போட்டியும் வாய்க்கவில்லை. எத்தனை கார் செய்யலாம் என்பதை உரிம முறையும், என்ன இறக்குமதி செய்யலாம் என்பதை அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் தீர்மானித்த சூழலில், புதிய இன்ஜின் ஒன்றை உருவாக்கும் வலு அதற்குக் கூடவே இல்லை. 1973-க்குப் பின் பெட்ரோல் விலையும் ஏற, 1977-இல் கார் உற்பத்தி நின்றது; ஸ்டாண்டர்டு 20 வேன் மட்டும் தொடர்ந்தது.

1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் அழகிய உடலுக்குள் வேன்கார்டு காலத்து 1991 சிசி இன்ஜினைச் சுமந்தது. சிக்கனமான மாருதி 800 ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கனத்த காரால் நிலைக்க முடியவில்லை. 1988-இல் ஆலை மூடப்பட்டது. அங்கே தேங்கிக் கிடந்த ரோவர் பாகங்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டனின் உதிரிபாக வணிகர்கள் வாங்கித் தங்கள் நாட்டுக்கே கொண்டு சென்றனர்.