மண்டகப்பட்டுப் பாறைக்கு வயசு என்ன?

நம்ம ஊர் குகைக்கோயிலை 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் செய்ததாக அங்கே கல்வெட்டே இருக்கு. சரி, கோயிலுக்கு 1,400 வயசு. பாறைக்கு?

கிரானைட் போன்ற பாறைகளில் ‘சிர்கான்’ என்ற பொடிப் படிகம் உண்டு. அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை அநேகமாக ஒதுக்கிவிடும். அந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகும்.

யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி வருஷம்! அதுவரை யார் உட்கார்ந்து பார்த்தது? பார்க்க வேண்டியதில்லை நண்பர்களே. ஒரு கிராமில் சுமார் இரண்டரை கோடி கோடி கோடி அணுக்கள். அதனால் ஒரு விநாடிக்குள்ளேயே சுமார் 12,400 அணுக்கள் சிதையும். அதை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். பிறகு படிகத்தில் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று கருவியால் அளந்தால் வயசு வந்துவிடும்.

செஞ்சி வட்டாரக் கிரானைட்டுக்குச் சுமார் 250 கோடி வயசு. அதாவது, 100 யுரேனியம்-238 அணுக்களில் 32 ஈயமாகியிருக்கும். 68 இன்னும் மிச்சம்!

அப்படிப்பட்ட கல்லில் ஆணியால் பேர் கிறுக்கலாமா? போன வருஷம் நானும் கிறுக்கினேன். இனி மாட்டேன். நீங்க?