தாலியும் தஸ்தாவேஜும்

சென்ற வைகாசியில் அம்பத்தூரில் ஒரு விவாகத்துக்குச் சென்றிருந்தோம். மணமகள் நம்மிடம் படித்த பெண். மாப்பிள்ளைக்குக் கடல் கடந்த தேசத்தில் உத்தியோகம். தாலி கட்டியாயிற்று, பந்தியில் பாயசமும் வந்தாயிற்று. "விவாகத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு உண்டா?" என்று பெண்ணின் தகப்பனாரை விசாரித்தோம்.

"அக்னி சாட்சி, ஊரார் சாட்சி. அதற்கு மேல் சர்க்கார் சாட்சி எதற்கு, ஸார்?" என்று சிரித்தார் அவர்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஞாபகம் வந்தது.

1913-ம் வருஷம் மார்ச்சு 14-ந் தேதி, அங்கே கேப் மாகாண நீதிபதி ஸெர்ல் ஒரு தீர்ப்பளித்தார். பாய் மரியம் என்ற இந்திய மாது, தம் கணவர் ஹஸன் ஈஸப்புடன் வாழ அந்நாட்டில் இறங்க அனுமதி கோரிய வழக்கு அது. பலதார மணத்துக்கு இடந்தரும் மதத்தின் சடங்குப்படி நடந்த விவாகத்தை அந்நாட்டுச் சட்டம் ஒப்பாது என்று தீர்ப்பாயிற்று. இந்த நியாயம் முஸ்லிம்களோடு நிற்குமா? ஹிந்து, பார்ஸிக் குடும்பங்களையும் அது தொட்டது. பல வருஷம் குடித்தனம் நடத்திய தாய்மார்கள், 'நாம் மனைவியர்தாமா?' என்று கேட்க நேர்ந்தது. குழந்தைகளின் வாரிசுரிமையும் ஆட்டங் கண்டது.

அதுவரையில் காந்தியடிகள் ஸ்திரீகளைச் சிறைக்கு அழைக்கத் தயங்கியிருந்தார். அந்தத் தயக்கம் இப்போது அகன்றது. செப்டம்பரில் கஸ்தூரிபாய் சிறை புகுந்தார். டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, மூன்று பவுன் வரியின் கொடுமையைத் தொழிலாளருக்கு எடுத்துரைத்தார்கள். வேலை நிறுத்தம் மூண்டது. தில்லையாடிக் குடும்பத்து வள்ளியம்மை, சிறையிலே கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தாள். அவளுக்கு வயது பதினாறு. அவ்வருஷமே இந்தியர் நிவாரணச் சட்டம் பிறந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஒரே மனைவியுள்ள இந்திய விவாகங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. முஸ்லிம் மதச் சடங்குப்படி மணந்தவர்களை விவாகச் சட்டம் புறக்கணித்தது தவறென்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதோ, 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில்தான்!

ஒரு தாரமே போதும் என்று சட்டம் சொல்வது குற்றமன்று. நம் தேசமும் 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தில் அதையே விதித்தது. ஆனால் ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்ந்தவளைப் பார்த்து, 'நீ மனைவியல்ல' என்பது தர்மமாகுமா? பிற தேசத்தின் சட்டம் நம் பந்தலுக்கு வந்து பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. காகிதமில்லாவிட்டால் கஷ்டப்படுகிறவள், பெரும்பாலும் புருஷனை நம்பிப் புறப்பட்ட பெண்ணே.

தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி, எம்மதத்தினரும் விவாகத்தைத் தொண்ணூறு நாளைக்குள் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாததால் மட்டும் ஹிந்து விவாகம் செல்லாமற் போவதில்லை என்பது உண்மையே. எனினும் அந்நிய மண்ணில் அந்தப் பத்திரமே பெண்ணுக்குத் துணை.

இவ்வளவையும் பந்தியிலேயே சொல்லி முடித்தோம். நண்பர் மௌனமாகக் கை கழுவி வந்தார். அடுத்த வாரம், மாலை வாடு முன்பே, தம்பதிகளைச் சார்பதிவாளர் கச்சேரிக்கு அவரே அழைத்துச் சென்றார். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பெண்ணைக் கடல் கடத்தி அனுப்பும் பெற்றோர்களே, சீர்வரிசைப் பெட்டியில் முதலில் அந்தப் பத்திரத்தை வையுங்கள்.