97 எப்போது கவலைக்குரியது?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனைக்கு 1988இல் மயக்க மருந்து நிபுணராக வந்தவர் ஸ்டீபன் போல்சின். இதய அறுவை சிகிச்சைக்கு வரும் கைக்குழந்தைகள் அங்கே அதிகம் இறப்பதாக அவருக்குப் பட்டது. கணக்கெடுத்துக் காட்டினார், மேலிடம் அசையவில்லை. 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் அங்கே கூடுதலாக இறந்ததாக 2001இல் கென்னடி விசாரணைக் குழு சொன்னது.

எதைவிடக் கூடுதல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவேயுள்ள ஓட்டையை அடைப்பதில் இன்று உயிராபத்து மிகக் குறைவு. இடப்பக்க இதயம் சரியாக வளராமல் பிறந்த சிசுவுக்குச் செய்யும் நார்வுட் அறுவை சிகிச்சையோ மிகக் கடினமானது. இரண்டாவது வகையை அதிகம் ஏற்கும் இடத்தில் இறப்பும் அதிகமாகத்தான் இருக்கும். வெறும் விழுக்காட்டை வைத்து வரிசைப்படுத்தினால், சிக்கலான குழந்தைகளைத் தட்டிக்கழிக்கும் மருத்துவமனை முதலிடம் பிடித்துவிடும்!

அதனால் பிரிட்டனில் 'ப்ரெய்ஸ்' என்ற கணிப்பு முறையைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தையின் வயது, எடை, இதயக் கோளாறு, செய்த சிகிச்சை, கூடவே உள்ள பிற நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்குப் பின் 30 நாள் உயிரோடு தாண்டக்கூடும் என்று அது கணிக்கிறது. தற்செயலுக்கும் இடம்விட்டு ஒரு வரம்பாகவே அந்தக் கணிப்பு வெளியிடப்படுகிறது. ஓரிடத்தில் 97 விழுக்காட்டினர் பிழைப்பது அந்த வரம்புக்குள் அடங்கும். இன்னோரிடத்தில் அதே 97 வரம்புக்குக் கீழே போய், விசாரிக்க வேண்டியதாகும். ஒவ்வொரு மருத்துவமனையையும் அதற்குரிய வரம்போடு மட்டுமே பார்க்க வேண்டும். பக்கத்து ஊர் மருத்துவமனையோடு ஒப்பிட இந்த எண்கள் உதவாது.

கணிப்பும் தரவை நம்பியே நிற்கிறது. 2013 மார்ச் இறுதியில் லீட்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை திடீரென நிறுத்தப்பட்டது. இறப்பு அதிகம் என்று காட்டிய முதற்கட்டப் புள்ளிவிவரம் அரைகுறையானது. பல குழந்தைகளின் எடைகூட அதில் பதிவாகவில்லை. ஏப்ரலில் சிகிச்சை மறுபடி தொடங்கியது. பதற்றத்தில் தவித்த பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?

30 நாள் என்ற எல்லைக்கும் ஒரு குறை உண்டு. செயற்கைச் சுவாசத்திலேயே கிடந்து 40ஆம் நாள் இறக்கும் குழந்தை, இந்தக் கணக்கில் பிழைத்ததாகவே சேரும். பிரிட்டனில் இப்போது ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் அந்த 30 நாளைத் தாண்டிவிடுகிறார்கள். இறப்பு இவ்வளவு குறைந்தபின் அதை மட்டும் வைத்துத் தரத்தை எடைபோடுவது கடினம். எனவே மூளைப் பாதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, எதிர்பாராத மறு அறுவை சிகிச்சை ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.