கொசுறாக வந்த சின்னத் தட்டு: பில்லோ பெரிய தட்டு!

ஓட்டல் சாப்பாடு என்றால் நமக்குப் பெரிய இலை, நடுவில் சோறு, சுற்றிலும் கறி, கூட்டு.

அமெரிக்க நகரங்களில் உள்ள "லத்தீன்" ஓட்டல்களில் கதையே வேறு! உள்ளங்கை அகலத் தட்டு. அதில் நாலு வாய்ப் பண்டம். ஒருவருக்கு ஒரு தட்டு கிடையாது. மேஜையில் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட வேண்டும்.

மூடியாக வந்தது!

இது ஸ்பெயின் நாட்டு வழக்கம். அங்கே இதற்கு "தாப்பா" என்று பெயர். நம்மூரில் கதவுத் தாழ்ப்பாளைத்தான் "தாப்பா" என்போம். அங்கேயோ "தாப்பா" என்றால் மூடி!

மதுக் குவளையில் ஈ விழாமல் இருக்க ரொட்டித் துண்டால் மூடினார்களாம். அந்த மூடியே பலகாரம் ஆனதாம். இப்படி ஒரு கதை சொல்கிறார்கள்.

ஸ்பெயினில் உள்ள கிரனாடா நகரில் இன்றைக்கும் பல கடைகளில் மது வாங்கினால் ஒரு சின்னத் தட்டு இலவசம். ஆமாம், கொசுறு!

கடல் தாண்டியது

1993-ல் வாஷிங்டனில் "ஹலேயோ" என்ற தாப்பாஸ் ஓட்டல் திறந்தது. அதன் சமையல் பொறுப்பை ஏற்றவர் ஹோசே ஆண்ட்ரேஸ் என்ற ஸ்பெயின்காரர். அமெரிக்கர்களுக்குச் சின்னத் தட்டு ருசியைப் பழக்கியவர்களில் முக்கியமானவர் இவர்.

லத்தீன் அமெரிக்கப் பண்டங்களும் இப்படிச் சின்னத் தட்டில் வருகின்றன.

பெரு நாட்டு "செவிச்சே"யில் அடுப்புக்கே வேலை இல்லை! பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் போட்டு, வெங்காயம், மிளகாய் சேர்க்கிறார்கள். புளிப்பு ஏறி, மீன் வெந்தது போல வெளுத்துவிடும். ஆனால் கிருமி சாகாது. மீன் நல்ல மீனாக இருக்க வேண்டும்.

வெனிசுலாவின் "அரேப்பா", சோள மாவில் தட்டிச் சுட்ட கனமான அடை. நடுவில் கீறி இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைப்பார்கள். கியூபாக்காரர்கள் வாழைக்காயைப் பொரித்து, நசுக்கி, மறுபடியும் பொரிப்பார்கள்.

நம்ம நாக்குக்கு இது ரொம்ப அந்நியம் இல்லை. நம்ம மிளகாய்க்கே தாய்வீடு லத்தீன் அமெரிக்காதானே! போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியதுதான் அது.

அடேயப்பா, பில்!

"சின்னத் தட்டுதானே, இன்னொண்ணு கொண்டு வாப்பா" என்று சொல்லச் சொல்ல, கணக்கு ஏறிவிடும்.

வாஷிங்டனில் நாலு பேர் போகிறார்கள். தட்டு 14 டாலர் என்று வைத்துக் கொள்வோம். 10 தட்டுக்கு 140 டாலர். 10 சதவீத வரி 14 டாலர். 20 சதவீத டிப்ஸ் 28 டாலர். ஆக மொத்தம் 182 டாலர்! குடிக்க வாங்கியது தனி.

"டிப்ஸ் எதுக்குங்க? நாமதான் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தாச்சே!" என்று கேட்பீர்கள்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும் என்கிறது அமெரிக்க மத்திய சட்டம். 1991-ல் இருந்து இந்தத் தொகை ஏறவே இல்லை! மற்றத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். டிப்ஸ் சேர்த்தும் அந்த அளவு வராவிட்டால், மீதியை முதலாளி கொடுக்க வேண்டும். வாஷிங்டன் நகரில் இதைவிட அதிகம் உண்டு. கலிபோர்னியாவில் முழுக் கூலியே உண்டு. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை.

முப்பது தடவை தட்டு கொண்டு வந்து, தட்டு எடுத்துப் போகிறவருக்கு அந்த டிப்ஸ்தான் வீட்டுச் சோறு.

போகிறவர்கள் கவனிக்க!

முதலில் ஆளுக்கு 2 தட்டு மட்டும் சொல்லுங்கள். பசி இருந்தால் பிறகு கேட்கலாம். பில்லில் "சேவைக் கட்டணம்" ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா பாருங்கள். சேர்ந்திருந்தால் இரண்டு தடவை கொடுக்க வேண்டியதில்லை.

வாயைக் கட்ட வேண்டுமானால் தட்டுக் கணக்கில் கட்டுங்கள். பரிமாறியவர் பங்கில் கை வைக்காதீர்கள்!