சாவித் துவாரத்தில் முதுகெலும்பு

பிரேசர் டவுனுக்கு அரசாங்கம் புலிகேசி நகர் என்று பெயர் வைத்துவிட்டது. ஆனால் மாஸ்க் ரோட்டுக்கு ஆட்டோ பிடிக்கும் நம்மவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கிய பின், தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைக்க எழுந்த பேட்டை இது. இன்று இங்கே வீட்டுக்கு வீடு கேட்கும் புகார் வேறு: இடுப்பு வலி!

"முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்" என்பது நம் பெரியவர்களின் பயம். அதற்குக் காரணமும் இருந்தது. பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால்தான் காலுக்கு வலி இறங்குகிறது என்று பாஸ்டன் டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் எழுதினார்கள். அக்காலத்தில் தசையைப் பெரிதாக விலக்கி, எலும்பை வெட்டித்தான் உள்ளே போக முடிந்தது. 1977-ல் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் மைக்ராஸ்கோப் உதவியோடு சிறு கீறலில் அதே வேலையைச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். 1997-ல் அமெரிக்காவில் ஃபோலியும் ஸ்மித்தும் குழாய் வழியே எண்டோஸ்கோப்பை நுழைத்துச் செய்யும் முறையை அறிவித்தார்கள். கீறல் சுமார் 2 சென்டிமீட்டர்தான்.

துளை சிறுத்தால் நோயாளிக்குச் சுகம், டாக்டருக்கோ சோதனை. திரையைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். சில மில்லிமீட்டர் தள்ளி நரம்பு இருக்கும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ஆழத்தைக் கணிக்க வேண்டும். எம்.எஸ். பட்டம் மட்டும் இதற்குப் போதாது. மூத்தவர் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்று பழக வேண்டும். 1978-ல் தொடங்கிய கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனின் முதுகெலும்புப் பிரிவுக்கு வெளிநாட்டு டாக்டர்களும் வந்து பயில்கிறார்கள். பெங்களூரிலேயே ராமையா வளாகத்தில், இறந்தவர் உடலில் பழகிப் பார்க்கும் பயிற்சிக்கூடம் உண்டு.

புது முறையைக் கற்கும் எவருக்கும் முதல் சில ஆபரேஷன்கள் அதிக நேரம் பிடிக்கும். தவறு நேரும் வாய்ப்பும் அப்போது கூடுதல். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், இதை எங்கே கற்றீர்கள்? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எண்டோஸ்கோப் வழியாக முடியாமல் போனால் திறந்து செய்வீர்களா?" நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. டிஸ்க் வலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷனே வேண்டாம். மாத்திரை, உடற்பயிற்சி, பொறுமை இவற்றோடு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிந்துவிடும். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தளர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே தாமதம் ஆபத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கைகள் முதலில் பழகுவது, யாரோ ஒருவர் மனமுவந்து தானம் செய்த உடலில். கண்தானம் பற்றி நம் வீடுகளில் பேசுகிறோம். உடல்தானம் பற்றியும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்துப் பாருங்களேன். நம் பேரனின் முதுகைத் தொடப்போகும் கை, தடுமாறாமல் இருக்க வேண்டுமல்லவா?