செய்தி பணமாகாது

2001 பிப்ரவரி 28-இல் நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயல் தமிழர் பலருக்குப் பெங்களூர் இரயிலே பிழைப்பாயிற்று. வீட்டிலிருந்தே இணையத்தில் பொருள் விற்கலாமே என எண்ணும் நண்பர்க்கு ஒன்று உரைப்பேன்: காசோலை வந்தது என்னும் செய்தி வேறு, பணம் வந்து சேர்வது வேறு.

2008-இல் தில்லியில் தொடங்கிய முறைப்படி, காசோலைத் தாள் இன்று வங்கிக்கு வங்கி அலைவதில்லை. அதன் படமே மின்வழிச் செல்கிறது. ஆயினும் கணக்கில் இருப்பு இல்லையேல் படமும் திரும்பும். அமெரிக்காவிலோ தாளே வேண்டாம். வாங்குவோர் கணக்கு எண்ணைத் தந்து இசைவளித்தாற் போதும், அதுவே மின்காசோலை. ஆனால், "நான் இசையவில்லை" என அவர் 60 நாளுக்குள் முறையிட்டால், விற்றவர் பெற்ற பணமும் திரும்பிப் போகக்கூடும். பொருளோ முன்பே போயிருக்கும்!

நம் நாட்டில் சட்டம் இல்லையா? உண்டு. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி, காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பவேண்டும். அதைப் பெற்று 15 நாளாகியும் தராதவர்மீது வழக்குத் தொடரலாம். ஈராண்டு வரை சிறையும் உண்டு. எண்ணூறு ரூபாய்ச் சேலைக்காக எத்தனை நாள் நீதிமன்றப் படியேறுவது?

ஆகவே நண்பர்களே, அறிமுகமற்றவரிடம், 2016-இல் வந்த யுபிஐ வழியே பணம் கேளுங்கள். அது கணக்கில் ஏறியதைக் கண்டபின் பொட்டலம் கட்டுங்கள். வெட்டிய பாறையெல்லாம் பொன்னன்று. அரைத்து, பிரித்து, உருக்கியபின் எஞ்சுவதே பொன். இதைத் தங்கவயலார்க்குச் சொல்லவும் வேண்டுமோ?