இளைப்பாறியோர்க்கு ஒரு குடும்பத் தொழில்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. திருக்குறளிற் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கின்றார். ஆயின், வாங்கிய மாடெல்லாம் செல்வமாகி விடுவதில்லை. உழைத்து ஓய்ந்த காலத்திற் கைக்கு வரும் சிறு முதலைக்கொண்டு பசு வளர்க்க விழைவோர் நம் ஊவா மாகாணத்திற் பலர். அவர்பொருட்டுச் சில செய்திகளை இங்கே எடுத்துரைப்பன்.

முதற்கண் ஓர் அயல்நாட்டுச் செய்தி. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைகளில் அல்பாக்கா என்றொரு விலங்கு உண்டு. அது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மெல்லிய உரோமத்தை ஆண்டுக்கொருமுறை கத்தரித்து ஆடை நெய்வர். 1984 முதல் இவ்விலங்குகள் ஐக்கிய அமெரிக்காவுக்கு இறக்குமதியாயின. இளைப்பாறிய தம்பதியர் பலர் தம் சேமிப்பை இட்டு அல்பாக்காப் பண்ணை தொடங்கினர். உரோமத்தால் வந்த வருவாய் சிறிது. புதிதாகப் பண்ணை தொடங்குவோருக்கு விலங்குகளை விற்றதால் வந்ததே பெரிது. நல்ல பெண் விலங்கு பல்லாயிரம் டொலருக்கு விலைபோயிற்று. 2008 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப்பின் வாங்குவோர் அருகினர், விலை வீழ்ந்தது, தீனிச் செலவு மட்டும் நின்றது.

ஆகவே, விலங்கின் விலையை நம்பியன்று, அது தரும் பயனை நம்பியே முதலிடல் வேண்டும். பசுவின் பயன் பால். அதனை நாள்தோறும் வாங்குவார் உளர். எனினும், அப்பயனும் தானாக வருவதன்று.

நம்மவர் கைக்கு வரும் முதல் எவ்வளவினது? சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வோராண்டுச் சேவைக்கும் 14 நாட் சம்பளம் உண்டு. 40 ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு அது 560 நாட் சம்பளமாகும். ஒருமுறை கைவிட்டுப் போனால் அஃது இரண்டாம்முறை வாராது.

என் தந்தையார் தோட்ட வேலையினின்று இளைப்பாறியதும், ஒரே நாளில் இரண்டு கலப்பினப் பசுக்களை வாங்கினார். அது தை மாதம், ஓடைக்கரையெங்கும் பசும்புல். ஆடி பிறந்ததும் கச்சான் காற்று புல்லைக் கருக்கிற்று. அம்மாவும் தங்கையும் இரண்டு மைல் நடந்து புல் சுமந்தனர். பால் குறைந்தது. ஆவணியில் ஒரு பசுவை வாங்கிய விலையிற் பாதிக்கு விற்றோம். தங்கையின் மேற்படிப்புக்கென வைத்திருந்த பணம் அதனோடு போயிற்று.

அன்று நாங்கள் அறியாதது இதுவே: பசுவுக்கு முன் புல் வேண்டும். ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தருவது யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று. அதே காற்றுத்தான் பசுவைப் பட்டினி போடுகின்றது. பசு தன் உடல் நிறையிற் பத்திலொரு பங்கு பசுந்தீனி உண்ணும்; 350 கிலோ நிறையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு 35 கிலோ வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற் பிறந்த கோ-3 என்னும் புல், நம் முன்னோரைப்போலவே கடல் கடந்துவந்து இங்கே வேரூன்றியுள்ளது. ஐப்பசி மழையில் அதன் தண்டுக் கரணைகளை நட்டு, மிகுந்த புல்லை நறுக்கிக் காற்றுப் புகாது அமுக்கி மூடிவைத்தால், வறட்சியில் உதவும்.

அடுத்து, பசுவின் நாட்காட்டியை அறிதல் வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னரே பால் கறப்பதை நிறுத்திவிடல் வேண்டும். அந்நாட்களில் வருவாய் இல்லை, செலவோ உண்டு. ஆதலின் முதலில் ஒரு பசுவையே வாங்குக. அரையாண்டு பழகியபின், வேறு பருவத்தில் ஈனும் மற்றொன்றை வாங்கினால், ஏதேனும் ஒன்று கறவையில் இருக்கும். இரண்டும் ஒருங்கே வற்றினால் அடுப்பும் வற்றும். பசு 21 நாளுக்கொருமுறை பருவத்துக்கு வரும். அதனைக் கவனியாது விட்டால் மூன்று வாரப் பயன் இழப்பாம். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக. பாலின் விலை கொழுப்பையும் ஏனைய திடப்பொருளையும் கொண்டு கணிக்கப்படுவதால், கொழுப்பு மிகுந்த பால் தரும் யேர்சிக் கலப்பு நன்று.

கணக்குப் புத்தகம் ஒன்று தவறாது வேண்டும். அதில் வீட்டுப் பெண்கள் சுமக்கும் புல்லுக்கும் கூலி எழுதுக. அதனை எழுதாதவிடத்துப் பொய்யான இலாபமே தோன்றும்.

இனி நிலம். அண்மைக்காலத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பெற்றது 7 பேர்ச் நிலம். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதை எண்ணிப்பார்க்க. வீடு கட்டியபின் கொட்டிலுக்கு இடம் கிடைக்கலாம், புல்லுக்குக் கிடைக்காது. லயத்தில் வாழ்வோருக்கு அதுவும் இல்லை. ஆதலின், கைவிடப்பட்ட தேயிலை நிலத்திற் புல் வளர்க்கத் தோட்ட நிருவாகத்தின் எழுத்துமூல இசைவைப் பெற்ற பின்னரே பசுவுக்கு முன்பணம் கொடுத்தல் வேண்டும்.

இவ்விடத்திற்றான் பழைய மாணவர் துணை வேண்டப்படுகின்றது. நம்முள் அலுவலர் உளர், சட்டமறிந்தார் உளர், மும்மொழியும் வல்லார் உளர். அடுத்தமுறை பிறந்த தோட்டத்துக்குச் செல்லும்போது, இளைப்பாறிய ஒருவருடன் அமர்ந்து, அவர்தம் விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து, கணக்கையும் ஒருமுறை கூட்டிக் காட்டுங்கள். நாம் கற்ற கல்வி அவர்தம் முதலைக் காக்கும்.